ஆறே முக்காலுக்கு நான் வாசித்த பெயர்

எங்கள் வானொலியின் வரலாற்றை ஒரு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். ஊர் நூலகத்தின் ஆண்டு மலர். ஒன்றரைப் பக்கம் போதும், ஒரு படமும் இருந்தால் நல்லது என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். எப்போது தொடங்கியது, யார் திறந்துவைத்தது, என்னென்ன நிகழ்ச்சிகள், ஏன் நின்றது, எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தது. வெளியீட்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடையும் போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையை மடித்து அலுமாரிக்குள் வைக்கும்போது எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் அவள் இல்லை. அவளை விட்டுவிட்டு நான் எழுதியதற்குப் பெயர் வரலாறா? மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதற்கு யாரும் பொன்னாடை போர்த்த வேண்டாம்.

சுனாமிக்குப் பிறகு தொடங்கிய வானொலி அது. ஒரு தொண்டு நிறுவனம் ஒரு கொள்கலன் பெட்டியும் ஒரு ஜெனரேட்டரும் தந்தது. எந்த முகாமுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் பவுசர் வண்டி வரும், யாருடைய பிள்ளை எந்தக் கோயிலில் இருக்கிறது, இதைத்தான் முதல் மாதங்களில் வாசித்தோம். நான் அப்போதுதான் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தேன். குரல் நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாக இருக்கிறது, போய்ப் பேசு என்று வீட்டில் அனுப்பிவிட்டார்கள். வாய் விஷயத்தில் அவர்கள் சொன்னது உண்மை. பள்ளிக்கூடத்தில் நான் அடக்கமாக இருந்த ஒரு நாளைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தொண்டு நிறுவனம் போன பிறகும் வானொலி நின்றுவிடவில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், பெரிய வீதியோரம், ஓர் இரும்புக் கடையின் மேல்மாடிக்கு வந்தோம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினோம், வெளிச்சத்தம் வராதாம். கீழே தகரம் வெட்டுகிற சத்தம் அப்படியேதான் வந்தது. எங்கள் அலை தெற்கே களுதாவளை தாண்டிப் போகும். வடக்கே தன்னாமுனை வரை நிச்சயம். மழை, கோடையைப் பொறுத்து ஏறாவூரிலும் இழுக்கும். மேற்கே வாவியைத் தாண்டினால் படுவான்கரை முழுக்க நாங்கள்தான். அங்கே வயல்காரர்கள் மத்தியான வேளையில் மரத்தில் ரேடியோவைக் கொழுவிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

நாங்கள் என்ன பெரிதாகச் சொன்னோம்? எந்த வயல் வட்டைக்கு எப்போது வாய்க்கால் திறக்கிறார்கள், பாதை ஓடுகிறதா இல்லையா (வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்களிடம் பாதை என்றுதான் பெயர்), வெள்ளம் ஏறினால் கடலுக்கு வழிவிட முகத்துவாரம் வெட்டப்போகிறார்களா, காணாமல்போன மாட்டின் குறி என்ன. இவ்வளவுதான். ஆனால் சனம் எங்களை நம்பியது. பேப்பரில் வந்தால் ‘அப்படியாம்’ என்பார்கள். நாங்கள் சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். பாதை ஓடாது என்று நான் தவறுதலாக வாசித்த ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்த பாதையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு கல்யாணக் கோஷ்டி சுற்றுவழியால் போனது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரித்திருக்கக் கூடாது, அப்போதே பயந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கப்பட்டவை இரண்டு நிகழ்ச்சிகள். காலை ஆறே முக்காலுக்கு அஞ்சலி. மரண அறிவித்தலும் ஆண்டு நினைவும் அதில்தான். ஏழு மணிக்கு வாழ்த்து. பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சை பாஸ். முஸ்லிம் வீடுகளின் ஜனாஸா அறிவித்தல் வந்தால் மட்டும் நேரம் பார்க்கமாட்டோம், பாட்டை நிறுத்திவிட்டு வாசிப்போம், அவர்கள் அன்றே அடக்கிவிடுவார்களே. மற்றபடி ஒவ்வொருவரும் கையால் எழுதித் தருகிற துண்டுகள். அவற்றைக் குத்திவைக்கச் சுவரில் இரண்டு ஆணி அடித்திருந்தோம். மேல் ஆணி இருப்பவர்களுக்கு, கீழ் ஆணி போனவர்களுக்கு. காலையில் வந்ததும் கீழ் ஆணியை முதலில் காலி செய்வேன். பிறகு ஒரு வாய் தேநீர். பிறகு குரலை மாற்றிக்கொண்டு மேல் ஆணி. ஒரே மனுசி ஒரு நிமிடத்துக்குள் அழுகிற குரலிலிருந்து சிரிக்கிற குரலுக்கு மாறுவதை முதன்முதலில் பார்த்த என் அம்மா, ‘நீ நல்லா நடிப்பாய்’ என்றா. எனக்குச் சுருக்கென்றது.

மலரில் நான் விட்டுவிட்ட அவள் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவாள். என்னைவிட எட்டு, ஒன்பது வயது மூத்தவள். நிலையத்திலிருந்து நாலைந்து ஒழுங்கை தள்ளி வீடு. பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவள், அதனால் எப்போது வந்தாலும் தோளில் வெள்ளை நூல் ஒட்டியிருக்கும். இரும்புக் கடையின் செங்குத்தான படியில் ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, நாலாக மடித்த துண்டைத் தருவாள். தன் கணவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. முழுப் பெயர், எத்தனையாவது பிறந்தநாள், எங்கிருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும், இப்படிக்கு மனைவி, மகள். ஒரு பாட்டும் கேட்பாள், எப்போதும் அதே பாட்டு.

கணவர் இல்லை. சண்டைக் காலத்தில் ஒரு பின்னேரம் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் யாரும் இல்லை. அவள் போகாத முகாம் இல்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஆணைக்குழு வந்தால் போய்ச் சொல்வாள், அடுத்த ஆணைக்குழு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள். மரணச் சான்றிதழ் எடுத்துவிடு, வேலை இலகுவாகும் என்று கந்தோரில் சொன்னார்கள். அவருடைய ஆட்கள் படுவான்கரையில் இருக்கிறார்கள், அவர்களும் சொன்னார்கள். அவள் எடுக்கவில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. நல்ல காரியங்களுக்கு முன்னுக்கு நிற்பாள். பின்னால் நின்று சனம் குசுகுசுத்தால் அவர்கள் பக்கம் கிறுகி நின்று, ‘என்ன, எனக்கும் சொல்லுங்க’ என்பாள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அதேநேரம் பிடிக்கவும் பிடிக்காது.

ஏன் பிடிக்காது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒருவர் இல்லை. என் அண்ணன். அவரையும் அதே வருடங்களில்தான் கொண்டுபோனார்கள். அம்மா ஏழு வருடம் தேடினா. எட்டாம் வருடம் ஒரு நாள் எழும்பி, குளித்து, கந்தோருக்குப் போய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சோறு சமைத்தா. கிரியை செய்தோம். ஆண்டு நினைவை எங்கள் வானொலிக்கு எழுதினோம். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லியிருக்கலாம், நான் விடவில்லை. என் அண்ணனின் பெயரை என் வாயால், வீணை பின்னணியோடு, ஆறே முக்காலுக்கு வாசித்தேன். ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்தேன் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

எங்கள் வீட்டில் அது அப்படி முடிந்தது. அவள் வீட்டில் முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் நான் அண்ணனைக் கீழ் ஆணியில் குத்துவேன், சில வாரங்கள் கழித்து அவள் வந்து தன் ஆளை மேல் ஆணியில் குத்தத் தருவாள். அவருக்கு வயது ஏறிக்கொண்டே போனது. நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. என் அண்ணனுக்கு இருபத்திரண்டோடு நின்றுவிட்டது. அவளுடைய துண்டை வாங்கும்போது எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு அதை எரிச்சல் என்றுதான் நினைத்தேன். பொறாமை என்று இன்று சொல்கிறேன்.

அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. முதல்நாள் அவள் வந்தாள். அந்த முறை துண்டைத் தந்துவிட்டு உடனே போகவில்லை. ஐம்பது என்பதால் இரண்டு பாட்டுப் போட ஏலுமா என்று கேட்டாள். முகத்தில் ஒரு வெட்கம். அதே கிழமையில்தான் அண்ணனின் நினைவு நாளும் வந்து போயிருந்தது. அம்மாவுக்குச் சுகமில்லை, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. போதாக்குறைக்கு முந்தின வருடம் இந்த வாழ்த்தை வாசித்தபோது ஒருவன் தொலைபேசி எடுத்து, செத்தவனுக்குக் கேக் வெட்டுகிறீர்களா என்று கேட்டுச் சிரித்திருந்தான். இரண்டு பாட்டாம். நான் பார்க்கிறேன் அக்கா என்றேன். அவள் படியிறங்கிப் போனாள்.

அடுத்த நாள் காலை மேல் ஆணியிலிருந்து அவளுடைய துண்டைக் கழற்றினேன். இவளுக்கும் யாராவது ஒரு நாள் சொல்லத்தானே வேண்டும் என்று நினைத்தேன். எங்களால் முடிந்தது இவளால் ஏன் முடியாது, இவள் மட்டும் என்ன பெரிய ஆளா என்றும் நினைத்தேன். சொல்லப்போனால் அவளுக்கு நல்லது செய்வதாகவே ஒரு எண்ணம். துண்டின் பின்பக்கத்தில் நானே எழுதினேன். இன்று ஐம்பதாவது அகவையில் நம்மோடு இருந்திருக்க வேண்டியவர், நீங்காத நினைவுகளுடன் மனைவி, மகள். வீணையைப் போட்டேன். ஆறே முக்காலுக்கு வாசித்தேன்.

ஏழு மணிக்கு வாழ்த்து நிகழ்ச்சியையும் செய்தேன். ஒரு குழந்தைக்கு முதலாவது பிறந்தநாள். நன்றாகவே சிரித்தேன்.

பத்து மணி இருக்கும், எங்கள் முகாமையாளர் மேலே வந்தார். நல்ல மனுசன், ஆனால் எதற்கும் பயந்தவர். தையல்கார மனுசியின் ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டுகிறார்களாம், உடல் கிடைத்துவிட்டதா, உனக்குத் தெரியுமா, செய்தியில் போட வேண்டுமா என்று கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் வாழ்த்துச் சொன்னவள் இன்றைக்கு அஞ்சலி சொல்கிறாள் என்றால், ஏதோ உறுதியான செய்தி வந்துவிட்டது என்றுதான் கேட்டவர்கள் விளங்கிக்கொண்டார்கள். வேறெப்படி விளங்குவார்கள்? படுவான்கரையில் அவருடைய தங்கை அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு, சனத்தைக் கூட்டிக்கொண்டு முதல் பாதையில் ஏறிவிட்டா. எட்டரைக்கெல்லாம் ஒப்பாரி தொடங்கிவிட்டது. அக்கம்பக்கம் அரிசியும் தேங்காயும் கொண்டுபோய் இறக்கியது. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ரேடியோவில் சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது?

திருத்தம் வாசிப்போம் என்றேன். முகாமையாளர் கேட்டார்.

“என்னெண்டு வாசிப்ப தங்கச்சி? அவர் உயிரோட இரிக்கார் எண்டு வாசிப்பியா?”

அரைமணி நேரம் எழுதி எழுதிக் கிழித்தோம். இறந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. இறக்கவில்லை என்றும் தெரியாது. அதைச் சொல்ல எங்களிடம் ஒரு வசனம் இல்லை. கடைசியில், இன்று காலை அஞ்சலி நேரத்தில் இன்னாரைப் பற்றி வாசிக்கப்பட்ட அறிவித்தல் குடும்பத்தார் தந்ததல்ல, அது நிலையத்தின் தவறு, வருந்துகிறோம் என்று ஒன்றை எழுதினோம். அதை ஒரு மணிக்கு வாசித்தேன், மூன்று மணிக்கு வாசித்தேன், ஆறு மணிக்கும் வாசித்தேன். பெயரைத் தெளிவாகச் சொன்னேன். வாசித்து முடித்ததும் நெஞ்சுக்குள் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்டது போல் இருந்தது.

நாலைந்து ஒழுங்கை. நடந்தால் பத்து நிமிடம். நான் போகவில்லை. போகப் பயம் என்பது ஒரு பக்கம். இன்னொன்று, ரேடியோவில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நோய் இருக்கிறது. மைக்கில் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் கேட்டிருப்பாள், கொடியைக் கழற்றியிருப்பார்கள், என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள், திட்டட்டும் என்று இருந்தேன். அடுத்த நாள் அவள் சண்டைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. என்ன பிறவி நான்!

ஒன்பதாம் நாள் படியில் காலடி கேட்டது. அவளில்லை, கணவரின் தங்கை. நாற்பதைத் தாண்டிய, வெயிலில் கறுத்த, அமைதியான பெண். எட்டாம் நாள் கிரியை முடிந்துவிட்டது, முப்பத்தோராம் நாளுக்கு இப்போதே அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறதாமே, தாருங்கள், மச்சாள் கையெழுத்து வைப்பா என்றா. இது நாங்கள் வைத்த விதிதான். மரண அறிவித்தலென்றால் நெருங்கிய உறவின் கையெழுத்து வேண்டும். பொய் அறிவித்தல் வந்துவிடக் கூடாது என்று நானே கத்திக் கத்திக் கொண்டுவந்த விதி.

“நாங்க அண்டைக்கே திருத்தம் வாசிச்சமே. மூண்டு தரம் வாசிச்ச. நீங்க கேக்கல்லயா?” என்றேன்.

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

“செத்த வீட்டில ஆர் பிள்ள ரேடியோ போடுற?”

அவ்வளவுதான். காலம் காலமாக எங்கள் ஊர் அப்படி. சாவு விழுந்தால் அந்த வீட்டில் மட்டுமல்ல, மரியாதைக்காக அந்த ஒழுங்கை முழுக்க ரேடியோவை நிறுத்திவிடும். எத்தனையோ வீடுகளில் என் குரலே அப்படி நின்றிருக்கிறது, எனக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொரு நாளும் சாவு வாசிக்கிற நான் அதை மறந்துபோனேன். தூரத்தில் ஒன்றிரண்டு பேர் திருத்தத்தைக் கேட்டிருப்பார்கள். கேட்டவர்கள் என்ன செய்வார்கள்? கொடி கட்டின வீட்டுக்குப் போய், உங்கட ஆள் சாகல்லயாம் என்று சொல்ல எந்த மனுசனுக்கு வாய் வரும்?

படிவத்தை நானே கொண்டுவருகிறேன் என்றேன். நீங்களே வாறீங்களா பிள்ள, பெரிய உபகாரம் என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டா. அவ காக்கவைத்திருந்த முச்சக்கர வண்டியில் அவவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழி முழுக்க, இத்தனை வருடம் அண்ணனுக்கு ஒரு பிடி அரிசி போட ஏலாமல் இருந்தது, இப்போதாவது மனசு ஆறினது என்று சொல்லிக்கொண்டே வந்தா.

முற்றத்தில் மணல் பரப்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். உள் அறையில் தையல் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அதுவும் வெறுமை.

கணவரின் தங்கை தேநீர் போட வெளியே போனா. நாங்கள் இருவரும் தனித்திருந்தோம். நான் வாயெடுக்க முந்தி அவள் கேட்டாள். கோபமே இல்லை, மெல்லிய குரல். அதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தவள் போலக் கேட்டாள்.

“எங்க வச்சு நடந்திச்சாம் தங்கச்சி? உங்களுக்கு ஆர் சொன்ன?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவளும் நம்பியிருக்கிறாள். ஏழு மணிக்குத் தன் வாழ்த்து வரும், இரண்டு பாட்டு வரும் என்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஆறே முக்காலுக்கே பெயரைக் கேட்டிருக்கிறாள். தான் எழுதிக் கொடுத்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் நம்பினாள். எழுதிக் கொடுத்ததை நிலையம் மாற்றியிருக்கிறது என்றால் நிலையத்துக்கு ஏதோ வந்திருக்கிறது. ஒரு கடிதம், ஒரு பட்டியல், ஒரு பெயர். மத்தியானத்துக்குள் யாராவது வந்து விபரம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறாள். அதற்குள் சனம் வந்துவிட்டது. அவளே தாலியைக் கழற்றிக் கொடுத்தாளாம். யாரும் கேட்கவில்லையாம்.

கந்தோர் சொன்னபோது நம்பாதவள். ஆணைக்குழு சொன்னபோது, அவருடைய சொந்தத் தங்கை காலில் விழுந்து சொன்னபோது நம்பாதவள். நான் சொன்னதும் நம்பினாள்.

சொன்னேன். ஒரு கடிதமும் வரவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, நானேதான் மாற்றி எழுதினேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அது ஒரு காரணமே இல்லை என்று எனக்குப் பட்டது. அழுதேன். அவள் அழவில்லை. ஏசினால் நல்லது, ஓர் அடி அடித்தாலும் நல்லது என்று இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வருவதைக் கண்டேன். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“அப்ப, அவர் இரிக்காரா?”

“தெரியா அக்கா.”

எழும்பி வந்தது அப்படியே அடங்கியது. வெளியே பாக்கு வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவள் சொன்னாள்.

“எனக்கும் தெரியாமத்தான் இரிந்திச்சி. அது எனக்குப் போதுமா இரிந்திச்சி தங்கச்சி. அத வச்சுத்தான் பிள்ளய வளத்தன்.”

வெளியே போய் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன், பந்தலைப் பிரிக்கச் சொல்கிறேன், பழியை நான் எடுக்கிறேன் என்றேன். எழும்பியும்விட்டேன். அவள் என் சட்டை நுனியைப் பிடித்து உட்காரவைத்தாள். வேண்டாம் என்றாள். பிண்டம் வைத்தாயிற்று. மகள் மூன்று நாள் அழுது இப்போதுதான் ஒரு வாய் சாப்பிடுகிறாள், அவளுக்குப் போய் இனி மறுபடியும் தெரியாது என்று சொல்வதா? கழற்றினதைத் திருப்பிப் போட ஏலுமா? போட்டால் சனம் என்ன சொல்லும்? எல்லாவற்றையும் அவள் எனக்குத்தான் விளங்கப்படுத்தினாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. தன் மச்சாளுக்கும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. இப்போதும் பெயர்களை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வானொலி அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஓடியது. பிறகு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை, கோபுரத்தைக் கழற்றினார்கள். இப்போது மரண அறிவித்தலெல்லாம் தொலைபேசியில் படமாக வருகிறது. நல்லது. ஒரு குரலை அவ்வளவு தூரம் நம்புகிற சனத்துக்கு முன்னால் என்னைப் போன்ற ஒருத்தியை உட்காரவைக்கக் கூடாது.

அன்றைக்கு அவள் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். தையல் அளவு எழுதுகிற பென்சில்தான் பக்கத்தில் இருந்தது, நான் என் பேனையைக் கொடுத்தேன். பெயர் எழுதினாள். பிறந்த இடம் எழுதினாள். மனைவி, மகள், தங்கை என்று வரிசையாக எழுதினாள். இறந்த திகதி என்ற இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

“ஐயரும் திதி பார்க்க நாள் கேட்டவர். எனக்கு வேற நாள் தெரியா. நீங்க வாசிச்ச நாளத்தான் சொன்னன்.”

அதையே எழுதி, கையெழுத்து வைத்து, படிவத்தை என்னிடம் தந்தாள். அவருடைய பிறந்தநாள் அது. அடுத்த நாள் காலை ஆறே முக்காலுக்கு வாசித்தேன். பெயரை ஒரு தரமும் இறந்த திகதியை இரண்டு தரமும் வாசிப்பது எங்கள் நிலையத்தின் வழக்கம். இரண்டு தரம் வாசித்தேன்.